ஹோண்டா என்எஸ்எக்ஸா, ஃபெராரி 348ஆ? வழக்கமா வர்ற கேள்விகளும் பதில்களும்

எத்தனையோ ஸ்போர்ட்ஸ் கார் இருக்கு, ஏன் இந்த ரெண்டு?

ரெண்டும் ஒரே வருஷத்துல மொகம் காட்டுன வண்டிங்க. 1989 பிப்ரவரில சிகாகோ கண்காட்சில ஹோண்டா என்எஸ்எக்ஸ காட்டுனாங்க, அதே வருஷம் செப்டம்பர்ல ஃப்ராங்க்ஃபர்ட்ல ஃபெராரி 348 வந்து நின்னுச்சு. ரெண்டுலயும் ரெண்டே சீட்டு, ரெண்டுலயும் இன்ஜின் டிரைவரோட முதுகுக்குப் பின்னாடி, ரெண்டும் பின் சக்கரத்தால ஓடுற வண்டி, டர்போ கிடையாது. பேப்பர்ல எழுதி வச்சா கூடப் பொறந்த பசங்க மாதிரி இருக்கும். ஆனா ஒண்ணு, வண்டி மனுஷனுக்கு ஏத்த மாதிரி இருக்கணும்னு நெனச்சு செஞ்சது, இன்னொண்ணு மனுஷன் தான் வண்டிக்கு ஏத்த மாதிரி மாறிக்கணும்னு நெனச்சு செஞ்சது. கீழ இருக்குற பாதி கேள்விக்கு இந்த ஒரு விஷயம் தான் பதில்.

ஹோண்டாவுக்கும் ஃபெராரிக்கும் அப்படி என்ன போட்டி?

ஃபெராரி பேர்ல மொத கார் வந்தது 1947ல, ஹோண்டா கம்பெனி ஆரம்பிச்சது 1948ல. வயசுல ஒரு வருஷம் தான் வித்தியாசம். ஆனா ஹோண்டா மோட்டார் சைக்கிள்ல ஆரம்பிச்சு 1963ல தான் கார் பக்கமே வந்தாங்க. அப்புறம் ஃபார்முலா ஒன்ல 1986லேர்ந்து 1991 வரைக்கும் தொடர்ச்சியா ஆறு வருஷம் ஹோண்டா இன்ஜின் வச்ச டீம் தான் கன்ஸ்ட்ரக்டர்ஸ் பட்டம் (டிரைவருக்கு இல்ல, டீமுக்குக் குடுக்குறது) அடிச்சுது, மொதல்ல வில்லியம்ஸ், அப்புறம் மெக்லாரன். 1988ல மொத்தம் 16 ரேஸ், அதுல மெக்லாரன் ஹோண்டா 15 ஜெயிச்சாங்க. மிச்சம் இருந்த அந்த ஒண்ணு எது தெரியுமா, இத்தாலில மோன்ஸால நடந்தது, அதுல ஃபெராரி மொத ரெண்டு எடமும் புடிச்சாங்க, அதுவும் என்ஸோ ஃபெராரி ஆகஸ்ட் 14ம் தேதி செத்து ஒரு மாசம் கூட ஆகல. அழுதுட்டே கைதட்டிருப்பாங்க அந்த ஊர்க்காரங்க. இந்த சூட்டோட தான் ரெண்டு பேரும் அடுத்த வருஷம் ரோட்டு வண்டியக் கொண்டு வந்தாங்க.

பேருக்கு என்ன அர்த்தம்?

348ன்னா 3.4 லிட்டர், 8 சிலிண்டர். பின்னாடி டிபின்னு வந்தா மூடுன கூரை, டிஎஸ்ன்னு வந்தா கழட்டுற கூரை. என்எஸ்எக்ஸ்ன்னா புது ஸ்போர்ட்ஸ் கார், சோதனை முயற்சின்னு அர்த்தம் வர்ற இங்கிலீஷ் வார்த்தைகளோட சுருக்கம், ப்ராஜெக்டுக்கு வச்ச பேரு அப்படியே ஒட்டிக்கிச்சு. அமெரிக்கால இத ஹோண்டான்னு விக்கல, அக்யூரான்னு தான் வித்தாங்க.

ஃபெராரிய அடிக்கணும்னே தான் என்எஸ்எக்ஸ் செஞ்சாங்களா?

ஆமா, ஒளிவு மறைவே இல்ல. ஆரம்பத்துல குறி வச்சது 328, வேலை நடந்துட்டு இருக்கும்போதே அதோட அடுத்த வண்டியா 348 வருதுன்னு தெரிஞ்சதும் குறிய ஒசத்திக்கிட்டாங்க. இதுல ஒரு வேடிக்கை இருக்கு. ஃபெராரிக்கு காலம் காலமா டிசைன் போட்டுக் குடுத்த பினின்ஃபரினா கம்பெனி தான் 1984ல ஹோண்டாவுக்காக ஹெச்பி-எக்ஸ்ன்னு ஒரு கான்செப்ட் வண்டி செஞ்சுது, நடு இன்ஜின் வண்டிய பத்தி ஹோண்டா யோசிக்க ஆரம்பிச்சதே அங்கேர்ந்து தான். கடைசில வந்த உருவம் ஹோண்டாவோட சொந்த டிசைன், எஃப்-16 போர் விமானத்தோட விமானி கூண்டு முன்னாடி தள்ளி சுத்தி கண்ணாடியா இருக்கும்ல, அத வச்சு யோசிச்சது. ப்ராஜெக்ட் தலைவர் ஷிகேரு உஎஹாரா, இவரு தான் பின்னாடி எஸ்2000க்கும் தலைமை தாங்குனவரு.

சரி, எது வேகம்?

இதத்தான் எல்லாரும் மொதல்ல கேப்பாங்க, இதுல தான் சுவாரஸ்யம் கம்மி. 348ல 3,405 சிசி வி8 (வி வடிவத்துல எட்டு சிலிண்டர்), 300 பிஎஸ் (குதிரைத் திறன்). என்எஸ்எக்ஸ்ல 2,977 சிசி வி6, ஜப்பான்ல 280 பிஎஸ்ன்னு போட்டாங்க, வெளிநாட்டு வண்டிக்கு அதுலேர்ந்து கொஞ்சம் கம்மி. எடை பாத்தா என்எஸ்எக்ஸ் சுமார் 1,350 கிலோ, 348 ஆயில் பெட்ரோல் எதுவும் ஊத்தாமலே 1,393 கிலோ, அதாவது ஓடுற நிலமைல இன்னும் கூட. அதனால பவர்ல 348 முன்னாடி, எடைல என்எஸ்எக்ஸ் முன்னாடி, கூட்டிக் கழிச்சுப் பாத்தா நேர் ரோட்டுல ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணு தான், ரெண்டுமே நூற ஆறு வினாடிக்குள்ள தொட்டுரும், டாப் ஸ்பீடும் ரெண்டுக்கும் 270 கி.மீ. பக்கத்துல. யாரு ஓட்டுறா, டயர் எப்படி இருக்கு, அன்னிக்கு வெயிலா மழையான்றதப் பொறுத்து ஆளு மாறும்.

வெறும் வி6 வச்சு எப்படி வி8க்கு ஈடு குடுத்தாங்க?

இது தான் கொஞ்சம் ஒக்காந்து பேச வேண்டிய விஷயம். ஒரு இன்ஜினுக்கு கீழ் ஆர்பிஎம்ல வால்வு கொஞ்ச நேரம், கொஞ்ச ஒயரம் தொறந்தா போதும், மேல போகப் போக நெறைய நேரம் நெறைய ஒயரம் தொறக்கணும், வால்வத் தொறக்குற தண்டான கேம்ஷாஃப்ட்ட ஒரே வடிவத்துல வச்சு ரெண்டையும் திருப்திப்படுத்த முடியாது. அதனால பழைய ஸ்போர்ட்ஸ் கார்லாம் கீழ மந்தமா, இல்லன்னா மேல மூச்சு வாங்கிட்டு, ஏதாவது ஒண்ணா இருக்கும். ஹோண்டா ஒரே தண்டுல ரெண்டு விதமான கேம் வச்சாங்க, என்எஸ்எக்ஸ்ல 5,800 ஆர்பிஎம் தாண்டுனதும் ஆயில் பிரஷர் ஒரு சின்ன பின்ன தள்ளி பெரிய கேம வேலைக்கு இழுத்துரும், அதான் விடெக். 1989ல இன்டெக்ராவுல மொதல்ல வந்துச்சு, அத வி6க்குக் கொண்டு வந்து, கூடவே டைட்டானியம் கனெக்டிங் ராடும் போட்டாங்க. ராடு எடை கொறஞ்சா பிஸ்டன் மேலயும் கீழயும் திரும்பும்போது வர்ற இழுவை கொறையும், அதனால 8,000 ஆர்பிஎம் வரைக்கும் தைரியமா இழுக்கலாம். ரோட்டு வண்டில டைட்டானியம் ராடு அது தான் மொத தடவை.

கணக்கு போட்டுப் பாருங்க, லிட்டருக்கு 348 தர்றது 88 பிஎஸ், என்எஸ்எக்ஸ் 94. ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு, டார்க்ல, அதாவது இன்ஜினோட சுழற்றுற விசைல, 348 தான் கெட்டி, 324 என்எம், அதுவும் 4,200லயே வந்துரும், என்எஸ்எக்ஸ்ல 294 தான், அதுக்கும் 5,000 தாண்டணும். நகரத்துக்குள்ள பாதி மிதிச்சு ஓட்டும்போது பெரிய இன்ஜினோட சொகமே தனி, அத மறுக்க முடியாது.

280 பிஎஸ்ன்றது உண்மையான நம்பரா?

அந்தக் காலத்துல ஜப்பான் கம்பெனிங்களுக்குள்ள எழுதப்படாத ஒரு ஒப்பந்தம் இருந்துச்சு, உள்நாட்டுல விக்கிற எந்த வண்டிக்கும் 280 பிஎஸ்க்கு மேல போட மாட்டோம்னு. 2004 வரைக்கும் அது ஓடுச்சு. நெறைய வண்டிங்க 280ன்னு போட்டுட்டு உள்ள அதுக்கு மேல வச்சிருந்தாங்க, அது ஊரறிஞ்ச ரகசியம். என்எஸ்எக்ஸ் விஷயத்துல 3 லிட்டர்ல 280 எடுத்ததே பெரிய சாதனை, அதனால இந்த நம்பர் பொய் சொல்லலன்னு தான் நான் நெனக்கிறேன்.

அலுமினியம் அலுமினியம்னு சொல்றாங்களே, அதுல என்ன விசேஷம்?

வரிசையா உற்பத்தி பண்ற கார்ல மொத்த உடம்பையும், அதாவது மேல மூடுற தகடு மட்டும் இல்லாம எடையத் தாங்குற கூட்டையும் சேர்த்து, அலுமினியத்துல செஞ்சது என்எஸ்எக்ஸ் தான் மொதல்ல. இரும்புல செஞ்சிருந்தா வர்ற எடைய விட கிட்டத்தட்ட 200 கிலோ கொறஞ்சுது. சஸ்பென்ஷன் கைகளும் அலுமினியம் தான். கேக்க சுலபமா இருக்கு, ஆனா அலுமினியத்த வெல்ட் பண்றது இரும்பு மாதிரி இல்ல, சூட்ட சட்டுனு கடத்திரும், வளைச்சா கொஞ்சம் திரும்பிக்கும், பெயின்ட்டும் சுலபத்துல ஒட்டாது. அதனால இதுக்குன்னே டோச்சிகி மாவட்டத்துல தனி ஃபேக்டரி கட்டி, அனுபவம் உள்ள ஆளுங்கள மட்டும் பொறுக்கி சுமார் 200 பேர வச்சு, ஒரு நாளைக்கு 25 வண்டிக்கு மேல போகாம செஞ்சாங்க. ஸ்கூட்டரும் குடும்பக் காரும் லட்சக்கணக்குல செய்ற கம்பெனி இப்படி கைவேலை மாதிரி ஒரு எடம் நடத்துனது எனக்கு இன்னிக்கும் ஆச்சரியம் தான்.

348 பக்கம் இரும்புக் கூடு தான், பின்னாடி இன்ஜினும் சஸ்பென்ஷனும் ஒக்கார்ற எடம் மட்டும் குழாய்ல செஞ்ச தனி ஃப்ரேம். அந்த தனி ஃப்ரேம ஞாபகம் வச்சுக்கோங்க, சர்வீஸ் கேள்வில திரும்ப வருது.

அயர்டன் சென்னா டெஸ்ட் பண்ணாருன்னு சொல்றது கதையா நெஜமா?

நெஜம். ஆனா சில பேரு சொல்ற மாதிரி அவரு தான் வண்டியவே செஞ்சாருன்றது ரொம்ப ஓவர். 1989 பிப்ரவரில மெக்லாரன் டிரைவர் சென்னா ஃபார்முலா ஒன் டெஸ்டுக்காக சுஸூகா ட்ராக்ல இருந்தாரு, ஹோண்டா ஆளுங்க சோதனைக்குச் செஞ்ச ஒரு என்எஸ்எக்ஸக் குடுத்து ஓட்டிப் பாக்கச் சொன்னாங்க. ஓட்டிட்டு எறங்கி, கூடு கொஞ்சம் வலுவில்லாம தெரியுதுன்ற மாதிரி சொன்னாரு. இவ்வளவு செலவு பண்ணி உலகத்துல யாரும் செய்யாத அலுமினியக் கூடு செஞ்சு வச்சிருக்கவங்க கிட்ட இத சொன்னா எப்படி இருக்கும், ஆனா அவங்க முறுக்கிக்கல. ஜெர்மனில நூர்பர்க்ரிங் பக்கத்துல மாசக்கணக்குல டேரா போட்டு, ஓட்டு, எங்க வளையுதுன்னு பாரு, அந்த எடத்த பலப்படுத்து, திரும்ப ஓட்டுன்னு கூட்டோட விறைப்ப சுமார் 50 சதவீதம் ஏத்துனாங்க. அப்போ ஃபார்முலா ஒன் ஓட்டிட்டு இருந்த சத்தோரு நகாஜிமாவும், அமெரிக்கால பாபி ரஹாலும் கூட டெஸ்ட் பண்ணாங்க, அவங்க பேர மட்டும் யாரும் சொல்றதே இல்ல பாவம்.

சென்னா சாதாரண ஷூவும் வெள்ளை சாக்ஸும் போட்டுக்கிட்டு சுஸூகால என்எஸ்எக்ஸ ஓட்டுற வீடியோ ஒண்ணு இருக்கு, அந்தக் கால் மூணு பெடல் மேல ஆடுற ஆட்டத்தப் பாத்தா வேற எந்த விளம்பரமும் வேண்டாம்.

348 டிபில அந்த டி எதுக்கு?

கியர்பாக்ஸ குறுக்கா வச்சத குறிக்கிற எழுத்து. முன்னாடி வந்த 328ல இன்ஜினே குறுக்கா கெடக்கும், அதுக்குக் கீழ கியர்பாக்ஸ், அதனால எடை மேல தூக்கி நிக்கும். 348ல இன்ஜின நீளவாக்குல திருப்பி, கியர்பாக்ஸ மட்டும் குறுக்கா பின்னாடி வச்சாங்க, இன்ஜின் 13 செ.மீ. கிட்ட கீழ எறங்குச்சு. இது சும்மா தோணுன ஐடியா இல்ல, 1975ல நிக்கி லவுடா பட்டம் ஜெயிச்ச 312டி ஃபார்முலா ஒன் வண்டிலேர்ந்து வந்த வழக்கம், அந்த டியும் இதே டி தான். ரேஸ்ல ஜெயிச்சத ரோட்டுக்குக் கொண்டு வர்றது ஃபெராரியோட பழக்கம், சௌகரியம் அப்புறம் தான். என்எஸ்எக்ஸ்ல இன்ஜின் கியர்பாக்ஸ் ரெண்டும் குறுக்கா தான் கெடக்கு, அதுக்குப் பின்னாடி டிக்கியும் இருக்கு, கோல்ஃப் பை வைக்கலாம்னு பெருமையா சொல்லுவாங்க. 348ல டிக்கி முன்னாடி.

உள்ள ஒக்காந்தா எப்படி இருக்கும்?

என்எஸ்எக்ஸ்ல கதவத் தொறந்து ஒக்காந்ததும் மொதல்ல படுறது கண்ணாடி தான், டேஷ்போர்டு தாழ்ந்து கெடக்கும், தூண் எல்லாம் ஒல்லி, முன்னாடி ரோடு கால் கிட்டேர்ந்து ஆரம்பிக்கிற மாதிரி தெரியும். திரும்பிப் பாத்தா பின்னாடி வர்ற வண்டியும் தெரியும், நடு இன்ஜின் வண்டில அது அபூர்வம். ஸ்விட்ச் எல்லாம் கை எதிர்பார்க்குற எடத்துல இருக்கும், ஏசி வேல செய்யும், அவ்ளோ தான், ஒரு நல்ல ஹோண்டா. அதான் சில பேருக்கு கொறையாவும் தெரிஞ்சுது, இவ்ளோ காசு குடுத்து வாங்குன வண்டியோட ஸ்விட்ச் சாதாரண ஹோண்டா மாதிரியே இருக்கேன்னு.

348ல லெதர் வாசனை மொதல்ல வரும். பெடல் வண்டியோட நடுப்பக்கமா தள்ளி இருக்கும், அதனால ஒடம்பு ஒரு பக்கம் காலு ஒரு பக்கம்னு ஒக்காரணும். பவர் ஸ்டீயரிங் இல்ல, பார்க் பண்ணும்போது தோள்பட்டை பதில் சொல்லும் (மேனுவல் என்எஸ்எக்ஸ்லயும் ஆரம்பத்துல இல்ல, ஆனா அது லேசு). நடுவுல பளபளன்னு ஒரு உலோகத் தட்டு, அதுல வெட்டுன கோடு வழியா கியர் லீவர் நீட்டிக்கிட்டு நிக்கும். அந்தத் தட்ட பாத்துட்டு ஆசப்படாதவன் கார் பிரியனே இல்ல.

348ல ரெண்டாவது கியர் விழாதாமே?

காலைல வண்டி எடுத்தா விழாது, அது தான் உண்மை. கியர்பாக்ஸ் ஆயில் சூடாகுற வரைக்கும் ரெண்டாவது கியர் மொரண்டு பிடிக்கும், அந்தக் கால ஃபெராரி பலதுக்கும் இந்த வியாதி உண்டு. அதுக்கு ஓட்டுறவங்க கண்டுபிடிச்ச வழி, ஒண்ணுலேர்ந்து நேரா மூணு போட்டுடுறது. 348ல கியர் அமைப்பே வேற மாதிரி, ஒண்ணாவது கியர் இடது கீழ் மூலைல இருக்கும், ரெண்டும் மூணும் நடுக்கோட்டுல மேலயும் கீழயும். அதனால ஒண்ணுலேர்ந்து மூணுக்குப் போக லீவர நடு நிலைக்கு எடுத்து, வலது பக்கம் நகத்தி, திரும்ப கீழ அழுத்துனா போதும், டக்குனு உலோகத்துல உலோகம் தட்டுற சத்தத்தோட விழுந்துரும். பத்து பதினஞ்சு நிமிஷம் இப்படி நாசூக்கா ஓட்டுனா அப்புறம் ரெண்டாவது கியரே கூப்புடுற மாதிரி தானா போய் ஒக்காரும். அவசரப்பட்டு குளிர்ல தள்ளுனா சிங்க்ரோ (கியர் மோதாம சேர வைக்கிற வளையம்) போயிரும், பர்ஸும் போயிரும்.

இதச் சொன்னா என்எஸ்எக்ஸ் ஆளுங்க சிரிப்பாங்க, அவங்க கியர் லீவர் குட்டையா, ரெண்டு விரல்ல போடுற மாதிரி, மொத நிமிஷத்துலேர்ந்தே வெண்ணெய். ஆனா 348 வச்சிருக்கவங்க இத ஒரு கொறையாவே சொல்ல மாட்டாங்க, சடங்கு மாதிரி சொல்லுவாங்க. மாமியார் ஒடைச்சா மண்சட்டி, மருமக ஒடைச்சா பொன்சட்டின்னு சொல்ற மாதிரி, இதே ஹோண்டால இருந்திருந்தா வண்டியத் திருப்பிக் குடுத்திருப்பாங்க.

சத்தம் எதுல நல்லாருக்கு?

348. யோசிக்கவே வேண்டாம். ஃபெராரி வி8ல க்ராங்க்ஷாஃப்ட் தட்டையான வகை, அதனால இடது வலது இடது வலதுன்னு மாறி மாறி வெடிக்கும், அமெரிக்க வி8 மாதிரி தடதடன்னு இருக்காது, மேல போகப் போக கத்தலா மாறும். என்எஸ்எக்ஸ்ல எக்ஸாஸ்ட விட காத்து இழுக்குற சத்தம் தான் அழகு, காதுக்குப் பின்னாடி ஒருத்தன் மூச்ச ஆழமா இழுக்குற மாதிரி, 5,800ல அந்த மூச்சு மாறும் பாருங்க, அது ஒரு போதை தான். இருந்தாலும் நடந்து போறவன் திரும்பிப் பாக்குறது ஃபெராரி சத்தத்துக்குத் தான்.

வளைவுல?

என்எஸ்எக்ஸ் பொறுமையான வாத்தியார். எங்க பிடி விடப் போகுதுன்னு ஸ்டீயரிங்லயும் சீட்டுலயும் முன்கூட்டியே சொல்லும், பின்பக்கம் நீளமா இருக்குறதும் வேகத்துல நிலையா நிக்கத்தான். ட்ராக்ஷன் கன்ட்ரோலும் இருந்துச்சு, அந்தக் காலத்துல அது பெரிய விஷயம். ஆரம்ப கால 348 அப்படி இல்ல, எல்லை வரைக்கும் அருமையா போகும், எல்லையத் தாண்டுனா சொல்லாம கொள்ளாம வால் சுத்திரும். வளைவு நடுவுல பயந்து ஆக்ஸிலரேட்டர்லேர்ந்து கால எடுத்தீங்கன்னா முடிஞ்சுது. பின்னாடி வருஷங்கள்ல சஸ்பென்ஷன திருத்துனாங்க, 1993ல வந்த 320 பிஎஸ் 348 ஜிடிபி எவ்வளவோ தேவலாம்.

348க்கு டைமிங் பெல்ட் மாத்த இன்ஜினையே எறக்கணுமா?

ஆமா. இன்ஜின நீளவாக்குல வச்சாங்கல்ல, அதனால பெல்ட் இருக்குற முன்பக்கம் சீட்டுக்குப் பின்னாடி இருக்குற சுவத்த ஒட்டிக்கிட்டு நிக்குது, கை நுழைய எடம் இல்ல. அதனால என்ன பண்ணுவாங்கன்னா, வண்டிய லிஃப்ட்ல தூக்கி, அடில ஒரு சக்கரம் வச்ச மேஜைய நிறுத்தி, கூலன்ட் ஆயில் எல்லாம் வடிச்சு, வயர் குழாய் எல்லாம் கழட்டி, அந்த தனி ஃப்ரேம் சொன்னேன்ல, அதோட போல்ட்ட எடுத்துட்டு இன்ஜின் கியர்பாக்ஸ் பின் சஸ்பென்ஷன் எல்லாத்தையும் ஒரே மூட்டையா மேஜை மேல விட்டுட்டு, வண்டிய மேல தூக்குவாங்க. பாக்கப் பிரசவம் மாதிரி இருக்கும். அழகா யோசிச்ச ஏற்பாடு தான், ஆனா ஒவ்வொரு சில வருஷத்துக்கும் ஒரு தடவை, வண்டி ஓடுனாலும் ஓடலன்னாலும் பண்ணியாகணும், ரப்பர் பெல்ட் அறுந்தா வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே காலி. எறக்குனது தான் எறக்குனோம்னு ஹோஸ், வாட்டர் பம்ப், சீல்னு லிஸ்ட் நீளும். ஒரு நல்ல செய்தி என்னன்னா, க்ளட்ச் கடைசி முனைல வெளிய இருக்கு, அத மட்டும் மாத்த இன்ஜின எறக்க வேண்டாம்.

என்எஸ்எக்ஸ்லயும் டைமிங் பெல்ட் தான், செயின் இல்ல, நெறைய பேரு இத மறந்துடுறாங்க. ஆனா இன்ஜின் எடத்துல இருக்கும்போதே மாத்திரலாம்.

அப்போ என்எஸ்எக்ஸ்ல கொறையே கிடையாதா?

இருக்கு. ஆரம்ப கால அஞ்சு கியர் மேனுவல் வண்டிகள்ல ஒரு பகுதிக்கு கியர்பாக்ஸ் கூட்டுக்குள்ள ஒரு வளையம் ஒக்கார்ற பள்ளத்த சரியான அளவுல வெட்டல, அந்த வளையம் ஒடைஞ்சா பேரிங் நகந்து கியர்பாக்ஸே கெட்டுப்போகும். பழைய வண்டி வாங்குறவங்க கியர்பாக்ஸ் நம்பரப் பாத்துட்டுத் தான் பேச ஆரம்பிப்பாங்க. பின் டயர் வேற சோப்பு மாதிரி கரையும், பிடி வேணும்னு சக்கரத்த உள்ள திருப்பி வச்ச கோணத்தோட விளைவு, பின்னாடி அந்தக் கோணத்தக் கொறச்சாங்க. அலுமினிய உடம்புல அடிபட்டா எல்லா பட்டறைலயும் சரி பண்ண முடியாது, அதுக்குன்னு தெரிஞ்சவன் வேணும், தெரியாதவன் இரும்பு மாதிரி தட்டி வச்சான்னா தீந்துச்சு. வயசானதால ஏசி கன்ட்ரோல், ஆடியோ போர்டுல இருக்குற கெபாசிட்டர் கசியும். இதுக்கு மேல இன்ஜின பத்தி கொற சொல்றவங்க ரொம்பக் கம்மி, ஆயில் மாத்திட்டே இருந்தா அது பாட்டுக்கு ஓடும்.

மெக்லாரன் எஃப்1 செஞ்சவருக்கு என்எஸ்எக்ஸ் பிடிக்குமாமே?

கார்டன் மர்ரி. இங்க எஃப்1ன்றது ஃபார்முலா ஒன் இல்ல, மெக்லாரன் செஞ்ச ஒரு ரோட்டு காரோட பேரு. உலகத்துலயே சிறந்த கார் செய்யணும்னு ஃபெராரி, போர்ஷே, லம்போர்கினின்னு எல்லாத்தையும் ஓட்டிப் பாத்துட்டு இருந்தாரு. ஜப்பான்ல என்எஸ்எக்ஸ ஓட்டுனதும் அது வரைக்கும் மனசுல வச்சிருந்த அளவுகோல் எல்லாம் காணாமப் போச்சுன்னு அவரே எழுதிருக்காரு. சொந்தமா ஒண்ணு வாங்கி பல வருஷம் ஓட்டுனாரு. எஃப்1க்கு இன்ஜின் கூட ஹோண்டா கிட்ட தான் மொதல்ல கேட்டாரு, அவங்க ஒத்துக்கல, பிஎம்டபிள்யூ தான் வி12 குடுத்தாங்க. அவருக்குப் பிடிச்சது வேகம் கூட இல்ல, இவ்வளவு கூர்மையா திரும்புற வண்டி குண்டு குழில இவ்வளவு மெத்துனு எப்படிப் போகுதுன்றது தான்.

348 தான் மோசமான ஃபெராரியா?

அப்படி ஒரு பேரு ரொம்ப நாள் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, அதுக்கு ஒரு காரணம் ஃபெராரியோட தலைவரே. லூகா டி மோன்டெஸமோலோ 1991 கடைசில பொறுப்பு எடுத்தாரு, அதுக்கு முன்னாடியே ஒரு 348 வாங்கி ஓட்டி, பாக்க அழகா இருக்குன்றதத் தவிர எல்லாத்துலயும் ஏமாந்துட்டேன்னு பின்னாடி வெளிப்படையாவே சொன்னாரு. கம்பெனி தலைவரே சொன்னா அப்புறம் அடுத்தவன் வாய மூட முடியுமா.

ஆனா அந்த ஏமாற்றத்துலேர்ந்து வந்தது தான் 1994ல எஃப்355. அதே அடிப்படை தான், ஆனா சிலிண்டருக்கு அஞ்சு வால்வு, டைட்டானியம் ராடு, 380 பிஎஸ், ஆறு கியர், பவர் ஸ்டீயரிங், வண்டிக்கு அடில காத்து சீரா போக தட்டையான தளம். இதுல எவ்ளோ என்எஸ்எக்ஸ் குடுத்த அடியால வந்துச்சு, எவ்ளோ தானா வந்துச்சுன்னு தராசு வச்சு நிறுக்க முடியாது, ஆனா டைட்டானியம் ராடப் பாத்தா எனக்குச் சிரிப்பு வரும். என்னக் கேட்டா 348 மோசமான வண்டி இல்ல, கஷ்டமான வண்டி. நல்லா பராமரிச்ச பிற்கால வண்டி கிடைச்சா கம்ப்யூட்டர் எதுவும் குறுக்க வராத கடைசி ஃபெராரிகள்ல ஒண்ணு அது.

இவ்வளவு நல்ல வண்டின்னா என்எஸ்எக்ஸ் ஏன் விக்கல?

மொத ரெண்டு வருஷம் பிச்சுக்கிட்டு போச்சு. அமெரிக்கால 348 ஒரு லட்சம் டாலர் பக்கம் இருந்தப்போ இது சுமார் 60 ஆயிரம் டாலருக்குக் கிடைச்சா யாருக்குத் தான் ஆச வராது. ஆனா வெண்ணெய் திரளும்போது தாழி ஒடைஞ்ச கதையா ஜப்பான் பொருளாதாரம் அந்த நேரம் பாத்து சரிஞ்சுது, யென் மதிப்பு ஏறுனதால வெளிநாட்டுல வண்டி வெல ஏறிட்டே போச்சு, வெல ஏற ஏற இவ்ளோ குடுத்து ஹோண்டாவான்ற கேள்வியும் ஏறுச்சு. அது மட்டுமில்ல, ஹோண்டா வண்டிய அப்படியே விட்டுட்டாங்க. 1997ல 3.2 லிட்டரும் ஆறு கியரும், 2002ல மொகத்துல கொஞ்சம் மாத்தம், அவ்ளோ தான், அதுக்குள்ள ஃபெராரி 355, 360ன்னு தாண்டிப் போய் 430க்கே வந்துட்டாங்க. 2005ல நிறுத்தும்போது பதினஞ்சு வருஷத்துக்கு மொத்தம் 18 ஆயிரம் சொச்சம் வண்டி. 348 அஞ்சாறு வருஷத்துலயே எட்டாயிரத்துக்கு மேல வித்துருச்சு, திட்டு வாங்கிக்கிட்டே.

ரேஸ்ல?

1995ல லெ மான் 24 மணி நேர ரேஸ்ல ஜிடி2 பிரிவ என்எஸ்எக்ஸ் ஜெயிச்சுது, ஓட்டுனது குனிமிட்சு தகஹாஷி, கெய்ச்சி ட்சுச்சியா, அகிரா ஈடா. மொத்தக் கணக்குல எட்டாவது. 348 வச்சு தான் 1993ல ஃபெராரி சேலஞ்ச் ஆரம்பிச்சாங்க, பணம் இருக்குற வாடிக்கையாளருங்க ஒரே மாதிரி வண்டில மோதிக்கிற போட்டி, அது இன்னும் நடக்குது.

ஜப்பான்ல மட்டும் வித்த என்எஸ்எக்ஸ்-ஆர் என்ன?

1992ல வந்தது. சத்தம் தடுக்குற பஞ்சு, ஏசி, ஆடியோன்னு கழட்டி சுமார் 120 கிலோ கொறச்சு 1,230 கிலோவுக்குக் கொண்டு வந்தாங்க, சஸ்பென்ஷன கல்லு மாதிரி ஆக்குனாங்க. ஐநூறுக்கும் கம்மியா தான் செஞ்சாங்க. அதாவது மனுஷனுக்கு ஏத்த வண்டி செஞ்ச அதே ஆளுங்க, நாங்களும் ஃபெராரிக்காரன் மாதிரி பிடிவாதம் பிடிப்போம்னு ஒரு தடவை காட்டிக்கிட்டாங்க. எனக்கு ரொம்ப பிடிச்ச என்எஸ்எக்ஸ் இது தான், மேல சொன்ன பாதி விஷயத்துக்கு இது எதிர்ன்னு தெரிஞ்சே சொல்றேன்.

2016ல வந்த புது என்எஸ்எக்ஸ இதோட சேக்கலாமா?

வேணாம். அது அமெரிக்கால ஒஹாயோல செஞ்சது, டர்போ வி6, மூணு மின் மோட்டார், நாலு சக்கரமும் இழுக்கும். நல்ல வண்டி, 2022ல நிறுத்திட்டாங்க, ஆனா பேரு மட்டும் தான் சொந்தம்.

யாராவது ரெண்டு சாவியையும் நீட்டுனா எத எடுப்பீங்க?

தெனமும் ஓட்டணும்னா என்எஸ்எக்ஸ், கண்ண மூடிட்டு. மழைல, ட்ராஃபிக்ல, ராத்திரி தனியா நீளமான ரோட்டுல, எங்கயும் அது மொறைக்காது. ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை காலைன்னு சொன்னீங்கன்னா 348 எடுப்பேன், ரெண்டாவது கியர் இல்லாம பத்து நிமிஷம் ஓட்டிட்டு, ஆயில் சூடானதும் அந்த லீவர மேல தள்ளிப் பாக்குறதுக்காகவே. திங்கக்கிழமை திருப்பிக் குடுத்துருவேன், பெல்ட் எப்போ மாத்துனாங்கன்னு கேக்காமலே.

ரெண்டுலயும் ஹெட்லைட் மேல எழும்புமா?

எழும்பும். என்எஸ்எக்ஸ்ல 2002ல எடுத்துட்டாங்க, ஃபெராரி வி8ல எஃப்355 வரைக்கும் இருந்துச்சு. ஒரு பக்கம் மட்டும் எழும்பி கண்ணடிக்கிற வியாதி ரெண்டுக்கும் வரும்.